பல்லுக்கு சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்களா? போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பல் மருத்துவர் “ஒரு சிபிசிடி எடுத்துட்டு வந்துடுங்க” என்று சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார். சிபிசிடி என்பது பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஒருவகை எக்ஸ்ரே ஸ்கேன். எந்தப் பகுதியை எடுப்பது, எவ்வளவு துல்லியமாக எடுப்பது, கையில் என்ன வாங்கி வருவது என்பதையெல்லாம் நாமேதான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ள வேண்டும். வேர் சிகிச்சை முடிந்த என் கடைவாய்ப்பல் ஒன்றில் மறுபடி வலி வந்தபோது எனக்குக் கிடைத்த சீட்டில் ஸ்கேனின் பெயர் மட்டும்தான் இருந்தது. மையத்தில் இரண்டு தாடையையும் சேர்த்துத் தாராளமாக எடுத்துக் கொடுத்தார்கள். பார்க்கப் பிரமாதமான படம். ஆனால் வேரில் விரிசல் இருக்கிறதா என்று சொல்ல அந்தத் துல்லியம் போதவில்லை. மறுபடி பணம் கட்டி, மறுபடி கதிர்வீச்சு வாங்கி, அந்த ஒரு பல்லை மட்டும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சுற்று உங்களுக்கு வேண்டாம். ஸ்கேன் கருவியின் தரத்தைவிட, என்ன கேள்விக்காக எடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கியிருக்கிறோமா என்பதுதான் முக்கியம்.

1. முதலில் காரணத்தைக் கேளுங்கள்

சாதாரணப் பல் எக்ஸ்ரேயும், இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும் தட்டையான படங்கள். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். சிபிசிடி கருவி தலையை ஒரு முறை சுற்றி வந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். கணினி அவற்றைச் சேர்த்து, எந்தப் பக்கத்திலிருந்தும் சீவிப் பார்க்கக்கூடிய ஒரு கனசதுரமாக ஆக்கித் தரும்.

இது உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் சில உண்டு. இம்ப்ளான்ட் (இழந்த பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்கும் முன் எலும்பின் உயரம், அகலம், கீழ்த்தாடை நரம்புக் கால்வாய் எங்கே ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஓபிஜியில் அளவுகள் பெரிதாகித் தெரியும், அகலம் தெரியவே தெரியாது. கீழ் ஞானப்பல்லின் வேர் நரம்பைத் தொடுவதுபோல ஓபிஜியில் தெரிந்தாலும் இது தேவை. முளைக்காமல் உள்ளேயே படுத்துவிட்ட கோரைப்பல் பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறதா என்று பார்ப்பதற்கும், வேர் சிகிச்சையில் விட்டுப்போன கால்வாயைத் தேடுவதற்கும் கேட்பார்கள். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் கன்னவேரில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கால்வாய் இருப்பது சகஜம். தட்டைப் படத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும்.

ஈறு வீக்கத்தின் தன்மையைச் சொல்வதில் இது பலவீனமானது. தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இதில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். உலோக அடைப்பை ஒட்டிய சொத்தையைக் கண்டுபிடிக்கவும் இதை நம்ப முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது “எதுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம்” என்றால் மறுத்துவிடலாம். அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் அந்நாட்டின் வாய், முகத்தாடைக் கதிரியல் அகாதமியும் 2015ல் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாடும் இதைத்தான் சொல்கிறது: அறிகுறி எதுவும் இல்லாமல் வழக்கமான சோதனையாக இதை எடுக்கக் கூடாது.

மருத்துவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: “இந்த ஸ்கேனில் இப்படித் தெரிந்தால் என்ன செய்வீர்கள், அப்படித் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?” இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்றால் ஸ்கேன் எதற்கு?

2. சீட்டை அங்கேயே படித்துப் பாருங்கள்

ஸ்கேன் மையத்தில் இருப்பவர் உங்கள் வாயைத் திறந்து பார்க்கப் போவதில்லை. சீட்டில் இருப்பதைத்தான் எடுப்பார். அதில் இருக்க வேண்டியவை:

- எந்தப் பல் அல்லது எந்தப் பகுதி
- என்ன கேள்வி (வேர் விரிசலா, நரம்புக்கு எவ்வளவு தூரமா, இம்ப்ளான்ட் அளவா)
- எடுக்க வேண்டிய பகுதியின் அளவு, துல்லியம்
- கோப்பு எந்த வடிவில் வேண்டும், ரிப்போர்ட் வேண்டுமா

பல் எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் இரண்டு இலக்க முறை நடப்பில் உள்ளது. அதில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணும் முறை. அதில் அதே 16, மேல் இடது ஞானப்பல். ஒரு முறையில் பழகியவர் எழுதியதை இன்னொரு முறையில் பழகியவர் படித்தால் ஸ்கேன் வாயின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். எண்ணோடு “மேல் வலது முதல் கடைவாய்ப்பல்” என்று வார்த்தையிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்து வினாடி வேலைதான், தயங்காமல் கேளுங்கள்.

3. பகுதியும் துல்லியமும்: எடுக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டியவை

எடுத்த பிறகு இந்த இரண்டையும் மாற்ற முடியாது.

முதலாவது, படம் பிடிக்கும் பகுதியின் அளவு. 4 அல்லது 5 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள சின்னப் பகுதியில் இரண்டு மூன்று பற்கள் அடங்கும். 8 செ.மீ. அளவில் பெரும்பாலும் இரண்டு தாடைகளின் பல்வரிசையும் வந்துவிடும். 15 செ.மீ.க்கு மேல் போனால் முகம் முழுக்க வரும். அது தாடை அறுவை சிகிச்சைக்கும் சிக்கலான சீரமைப்புக்கும் உரியது. ஒற்றைப் பல்லுக்கு அவ்வளவு தேவையே இல்லை.

இரண்டாவது, வாக்சல் அளவு. கனசதுரத்தைப் பிரிக்கும் பொடிக் கட்டம் ஒவ்வொன்றின் பக்க அளவுதான் அது; சிறியதாக ஆக ஆகப் படம் துல்லியமாகும். வேர் சிகிச்சை, விரிசல் போன்ற நுணுக்கமான கேள்விகளுக்கு 0.075 முதல் 0.15 மி.மீ. வரை கேட்பார்கள். இம்ப்ளான்டுக்கு 0.2 அல்லது 0.3 மி.மீ. போதும். பல் சீரமைப்புக்கு 0.3, 0.4 மி.மீ.கூடப் போதுமானது.

“எல்லாத்தையும் பெருசா, துல்லியமா எடுத்துடுங்க” என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் சிக்கல். பல கருவிகளில் பெரிய பகுதியை மிக நுண்ணிய வாக்சலில் எடுக்கவே முடியாது. முடிகிற கருவியிலும் கதிர்வீச்சும் நேரமும் கூடும். நேரம் கூடினால் தலை அசையும் வாய்ப்பும் கூடும், அசைந்தால் அந்தத் துல்லியத்துக்கே அர்த்தம் இல்லை. அதனால் கேள்விக்குத் தேவையான மிகச் சிறிய பகுதி, அந்தக் கேள்விக்குப் போதுமான துல்லியம், அவ்வளவே.

மையத்துக்கு முன்கூட்டியே போன் செய்து “ஒரே பல்லுக்குச் சின்னப் பகுதி எடுப்பீர்களா? எந்த வாக்சல் வரை முடியும்?” என்று கேளுங்கள். “எங்களிடம் ஒரே செட்டிங்தான்” என்று பதில் வந்தால் வேறு மையத்தைப் பாருங்கள்.

4. கதிர்வீச்சைப் பற்றி எவ்வளவு கவலைப்படலாம்

கொஞ்சம். பயந்து நடுங்க வேண்டியதில்லை, “ஒண்ணுமே இல்லை” என்று சொல்பவரை நம்பவும் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2012ல் வெளியிட்ட பல் சிபிசிடி வழிகாட்டியில் ஓபிஜிக்குச் சுமார் 3 முதல் 24 மைக்ரோசீவர்ட் (உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) என்றும், பல், தாடைப் பகுதி சிபிசிடிக்கு 11 முதல் 674 வரை என்றும் கொடுத்திருக்கிறார்கள். 11 எங்கே, 674 எங்கே! இந்த இடைவெளிக்குக் காரணம் கருவியும் பகுதி அளவும் அமைப்புகளும்தான். மூன்றாவது படியில் சொன்னதைச் செய்தாலே எண் கீழே இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க: இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சாக உலக சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது.

குழந்தைகளுக்கு எடுப்பதென்றால் காரணம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும், அமைப்பும் குழந்தைக்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். “குழந்தைகளுக்குத் தனி செட்டிங் இருக்கா?” என்று வாய்விட்டே கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, மருத்துவரிடமும் மையத்திலும் இரண்டு இடத்திலும் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடக்கூடிய ஸ்கேன் என்றால் தள்ளிப்போடுவார்கள்.

ஈய ஏப்ரனும் கழுத்துக் காப்பும் போடவில்லையே என்று பதறாதீர்கள். பல் எக்ஸ்ரேக்களுக்கும் சிபிசிடிக்கும் இவை தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024ல் பரிந்துரைத்தது. கழுத்துக் காப்பு படத்துக்குள் விழுந்துவிட்டால் ஸ்கேனையே திரும்ப எடுக்க நேரிடும். உங்கள் நாட்டு விதி போடச் சொன்னால் போடுவார்கள்.

5. எப்போது எடுப்பது

பலர் இதை யோசிப்பதே இல்லை. சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே ஸ்கேன் பயன்படும் அல்லது வீணாகும்.

உலோகம்தான் முதல் எதிரி. உலோக மகுடம் (பல்லின்மேல் மாட்டும் உறை), வேருக்குள் திருகிய கம்பி, வேர் சிகிச்சையில் நிரப்பும் பொருள் எல்லாமே கதிரைத் தடுத்துப் படத்தில் வெள்ளைக் கோடுகளையும் கறுப்புப் பட்டைகளையும் உண்டாக்கும். அந்தக் கறுப்புப் பட்டை சில சமயம் அப்படியே வேர் விரிசலைப்போலவே இருக்கும். ஆகவே பழைய மகுடத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தால், கழற்றிய பிறகு எடுக்கலாமா என்று கேளுங்கள். புதிதாக மகுடம் போடப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். பல்லில் சீரமைப்புக் கம்பி இருந்தால், ஸ்கேனுக்கு முன் கம்பியை மட்டும் தற்காலிகமாகக் கழற்றுவதுண்டு.

இம்ப்ளான்டுக்கு என்றால் பல்லைப் பிடுங்கிய தேதி முக்கியம். பிடுங்கிய குழியில் எலும்பு நிறைய மாதக்கணக்கில் ஆகும். அதே சமயம் தாடையின் அகலம் முதல் சில மாதங்களில்தான் வேகமாகக் குறையும். பிடுங்கும் முன் எடுத்த ஸ்கேனை வைத்து ஒரு வருடம் கழித்து இம்ப்ளான்ட் அளவு முடிவு செய்வது சரிவராது. பிடுங்கியவுடன் எடுத்ததும் அப்படித்தான். இம்ப்ளான்ட் தேதியை முதலில் பேசுங்கள், ஸ்கேன் தேதியை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

இம்ப்ளான்டைத் திட்டமிட்ட இடத்தில் பதிக்க உதவும் அறுவை வழிகாட்டித் தகடு செய்யப் போகிறார்கள் என்றால் வாய்க்குள் வைத்து எடுக்கும் டிஜிட்டல் ஸ்கேனும் வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தித்தான் தகட்டை வடிவமைப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பல்லை அடைத்தாலோ தேய்த்தாலோ பொருந்தாது. அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பல்செட் போட்டிருப்பவர்களுக்கு, செட்டில் குறிப்பான்கள் ஒட்டி, வாயில் போட்டு ஒரு முறையும் செட்டை மட்டும் தனியாக ஒரு முறையும் எடுக்கும் முறை உண்டு. மையத்தில் இதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று மருத்துவரையே விசாரிக்கச் சொல்லுங்கள்.

வேர் சிகிச்சைக்குப் பிறகு நுனியில் இருந்த புண் ஆறிவிட்டதா என்று பார்க்கிற அவசரம் வேண்டாம். எலும்பு ஆற மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே பின்தொடரலாம்.

6. செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது

போனில் சொல்லும் தொகை பெரும்பாலும் படம் எடுக்க மட்டும். தனித்தனியாகக் கேட்க வேண்டியவை இவை: ரிப்போர்ட் சேர்த்தா, தனியா? கோப்பைப் பென் டிரைவில் தருவதற்குக் கட்டணம் உண்டா? பிறகு ஒரு பிரதி கேட்டால்? மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டும் என்றால் ஒரே ஸ்கேனாகக் கணக்கா, இரண்டாகவா? தலை அசைந்து படம் கெட்டால் திரும்ப எடுக்க யார் கட்டுவது? கடைசிக் கேள்விக்குப் பதிலை எடுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். எடுத்த பிறகு கேட்டால் சங்கடமான பேச்சாகிவிடும்.

காப்பீடு இருந்தால் முன் அனுமதி தேவையா என்று கேளுங்கள். பல திட்டங்களில் ஸ்கேன் முடிந்த பிறகு அனுப்பும் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும். மருத்துவரின் சீட்டில் “என்ன கேள்வி” என்பது எழுதியிருந்தால் இங்கேயும் உதவும்: காரணம் இல்லாத சீட்டுக்குக் காப்பீட்டுக்காரர்கள் பணம் தர யோசிப்பார்கள். ரசீதில் ஸ்கேனின் பெயர், எடுத்த பகுதி, தேதி மூன்றும் இருக்கட்டும்.

7. போகும் நாளில்

சீட்டு, அடையாள அட்டை, பழைய எக்ஸ்ரேக்கள், முன்பு எடுத்த சிபிசிடி இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். பழைய ஸ்கேனே போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அதைவிட லாபம் எதுவும் இல்லை.

கம்மல், மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி, கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் கழற்ற வேண்டும். கழற்ற முடியாத மூக்குத்தி என்றால் முன்பே சொல்லுங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டை மருத்துவர் போட்டிருக்கச் சொன்னால் தவிர, எடுத்துவிடுங்கள்.

கருவி சுற்றும் நேரம் பொதுவாக 10 முதல் 40 வினாடி. உட்கார்ந்தோ நின்றோ, தாடையைத் தாங்கியில் வைத்து, ஒரு சின்னக் கட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பீர்கள். அந்த நேரத்தில் எச்சில் விழுங்கக் கூடாது. அதுதான் கஷ்டம். தொடங்கும் முன் ஒரு முறை நன்றாக விழுங்கிவிட்டு, நாக்கை அண்ணத்தில் ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கண் திறந்திருந்தால் சுற்றிவரும் கருவியின் பின்னாலேயே பார்வை போகும், பார்வையோடு தலையும் லேசாகத் திரும்பும். அசைந்த படத்தில் எலும்பின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரியும்.

இம்ப்ளான்டுக்காக எடுத்தால் இரண்டு விஷயங்களை நினைவூட்டுங்கள். மேல், கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் சற்றே விலகியிருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் டிஜிட்டல் ஸ்கேனோடு பொருத்துவது சிரமம். அப்புறம், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சு உருளை வைத்தால் ஈறின் தடிமனும் தெரியும். இல்லாவிட்டால் கன்னமும் ஈறும் ஒரே சாம்பல் நிறத் திட்டாக ஒட்டிக்கொண்டுவிடும்.

8. மையத்தை விட்டுக் கிளம்பும் முன்

சரி, படம் எடுத்தாயிற்று. உடனே கிளம்பாதீர்கள்.

திரையில் ஒரு நிமிடம் காட்டச் சொல்லுங்கள். கேட்ட பல் முழுசாக, வேர் நுனியும் அதற்குக் கீழே உள்ள எலும்பும் உட்படச் சட்டத்துக்குள் இருக்கிறதா? சின்னப் பகுதி எடுக்கும்போது நுனி வெட்டுப்படுவது நடக்கக்கூடியதே. இரட்டைக் கோடு தெரிகிறதா? இதை அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

கோப்பு டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பொதுவான கோப்பு வடிவம்) வடிவில் இருக்க வேண்டும். அச்சிட்ட ஃபிலிமும் ஜேபெக் படங்களும் மட்டும் போதாது, அவை யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த சில சீவல்கள்தான். உங்கள் மருத்துவர் தானே நகர்த்திப் பார்க்க வேண்டும். சில கருவிகள் தங்கள் மென்பொருளில் மட்டும் திறக்கும் தனி வடிவிலும் சேமிக்கும். “வேறு எந்த மென்பொருளிலும் திறக்கிற டைகாம் வேண்டும்” என்றே கேளுங்கள். கோப்பின் அளவைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: 8 செ.மீ. கனசதுரத்தை 0.2 மி.மீ.யில் எடுத்தால் 400 சீவல்கள், சுருக்காமல் சுமார் 128 எம்பி. உங்கள் பென் டிரைவில் 3 எம்பிதான் இருக்கிறது என்றால் முழு ஸ்கேன் வரவில்லை.

பெயர், வயது, தேதி சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

9. வீட்டில் பிரதி எடுத்துத் திறந்து பார்க்க

முதல் வேலை, கோப்புறையை அப்படியே இன்னோர் இடத்தில் நகல் எடுப்பது. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள், ஒன்றிரண்டை மட்டும் பிரித்து அனுப்பாதீர்கள். அனுப்புவதானால் கோப்புறை முழுவதையும் ஜிப் செய்து அனுப்புங்கள். அதில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பொதிந்திருக்கும். பொதுக் குழுக்களில் பகிர வேண்டாம்.

திறந்து பார்க்க 3டி ஸ்லைசர் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மேக்கில் ஹோரோஸ் இன்னும் சுலபம். திறந்ததும் குழப்பும் விஷயம் ஒன்று: திரையில் இடப்பக்கம் தெரிவது வழக்கமாக உங்கள் வலப்பக்கம், எதிரில் நிற்பவரைப் பார்ப்பதுபோல. வலது, இடது எழுத்துக் குறியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பார்க்கலாம், ஆனால் அளந்து முடிவெடுப்பது உங்கள் வேலை இல்லை. எலும்பின் அடர்த்தி என்று மென்பொருள் காட்டும் எண்ணும் சிபிசிடியில் நம்பத்தக்கதல்ல. மருத்துவமனை சிடி ஸ்கேனில் உள்ள அளவுகோல் இதற்குப் பொருந்தாது.

10. ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம்

ரிப்போர்ட் கேட்ட பல்லைப் பற்றி மட்டும் இல்லாமல், எடுத்த பகுதி முழுவதையும் பற்றி இருக்க வேண்டும். சைனஸ், பக்கத்துப் பற்கள், படத்துக்குள் வந்த எல்லாம். சைனஸ் சவ்வு தடித்திருப்பதாக ஒரு வரி வந்தால் உடனே இணையத்தில் தேடிப் பயப்படாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் அது அடிக்கடி காணப்படுவதுதான். இது பல்லிலிருந்து வந்ததா, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

இம்ப்ளான்ட் என்றால் கேட்க வேண்டியது: நரம்புக் கால்வாய்க்கு மேல் எவ்வளவு எலும்பு இருக்கிறது, வைக்கப்போகும் இம்ப்ளான்டின் நீளம் என்ன, இடையில் எவ்வளவு மிஞ்சும்? பொதுவாக 2 மி.மீ.யாவது பாதுகாப்பு இடைவெளி விடுவார்கள். திரையில் இம்ப்ளான்ட் உருவத்தை வைத்தே காட்டச் சொல்லலாம்.

ஞானப்பல் என்றால் வேருக்கும் நரம்புக்கும் நடுவில் எலும்பு இருக்கிறதா, நேரடியாகத் தொடுகிறதா என்று கேளுங்கள். தொடுகிறது என்றால் முழுதாகப் பிடுங்குவதற்குப் பதிலாக வேரை விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் எடுக்கும் வழியைப் பற்றியும் பேசலாம்.

விரிசல் சந்தேகத்துக்காக எடுத்த ஸ்கேன் “தெளிவாகச் சொல்ல முடியவில்லை” என்று வந்தால் அது மையத்தின் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மெல்லிய விரிசல் வாக்சலைவிடச் சிறியதாக இருக்கலாம். அந்த நிலையில் இன்னொரு ஸ்கேனுக்கு ஒப்புக்கொள்ளும் முன், விரிசலைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறதா, ஈறுப் பையின் ஆழம் ஒரே இடத்தில் மட்டும் அதிகமாக இருக்கிறதா, நுண்ணோக்கியில் நேரே பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து கேட்கப் போனாலும் இதே டைகாம் கோப்புறையையும் ரிப்போர்ட்டையும் சீட்டையும் எடுத்துப் போங்கள். புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னால், இதில் எது போதவில்லை என்று அதையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.